முள்ளம்பன்றியின் ஒன்பதாம் பிடி

ஒரு காட்டில், ஈச்சம்புதருக்குப் பின்னால், மழை புகாத குகை ஒன்று இருந்தது. பிள்ளைகளே, போன வருஷம் அடைமழையில் அங்கிருந்து முள்ளம்பன்றியை விரட்டியது நரி. முள்ளம்பன்றி அதை மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்?

இந்த வருஷம் குகை யாருக்கு என்பதைச் சீட்டாடித் தீர்ப்பதென்று முடிவாயிற்று. ஒரு பக்கம் நரியும் காட்டுப்பூனையும். மறுபக்கம் முள்ளம்பன்றியும் அவசரக்கார முயலும். முதலில் விழுந்த இனத்திலேயே நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுக்கு ஒரு பிடி; மொத்தம் பதின்மூன்று பிடி.

"ஒன்பது பிடி எடுப்பேன். எடுக்காவிட்டால் குகை உங்களுக்கு," என்றது முள்ளம்பன்றி.

நரி ஒரு கிளாவரைப் போட்டது. ஆட்ட வழக்கப்படி, பந்தயம் சொன்னவரின் கூட்டாளியான முயல் தன் சீட்டுகளைத் தரையில் விரித்தது. இனி அது வாய் திறக்கக் கூடாது. அதற்கும் சேர்த்து முள்ளம்பன்றியே ஆடும்.

முள் குத்தாமல் முயல் முள்ளம்பன்றியின் சீட்டுகளை எட்டிப் பார்த்தது. நிச்சயமான பிடி எட்டு. இன்னும் ஒன்று வேண்டும். டைமன் ராணி பூனையிடம் இருந்தால், ஜாக்கியைப் போட்டே ஒரு பிடி எடுத்துவிடலாம். நரியிடம் இருந்தால் நரி ஜாக்கியை ராணியால் பிடித்து, கிளாவரையெல்லாம் வரிசையாக இறக்கிவிடும், குகை போச்சு. பாதிக்குப் பாதி வாய்ப்பு. போட வேண்டியதுதானே! முயலுக்குக் கால் துடித்தது.

முள்ளம்பன்றி அசையவில்லை.

"முள்ளண்ணே, சீட்டாடுகிறீரா, அடைகாக்கிறீரா?" என்றது நரி. "மழை வந்துவிடும்!"

"வரட்டுமே. நனையப்போவது யார் என்று இன்னும் தெரியவில்லையே."

முள்ளம்பன்றி முதல் பிடியை எடுத்தது. பிறகு டைமனைத் தொடாமல், ஹார்ட் இனமான ஆட்டினில் எல்லாவற்றுக்கும் பெரிய ஏஸை இறக்கியது.

முயல் திகைத்தது. எதிராளி ஒருவரிடம் ஆட்டின் ராஜா ஒற்றைச் சீட்டாக இருந்தால்தான் ஏஸில் விழும்; தரையிலிருக்கும் ஆட்டின் ராணி ஒன்பதாம் பிடியாகும். பத்து ஆட்டத்தில் ஒன்றில் அப்படி அமைந்தால் அதிகம். இதற்கா இத்தனை யோசனை?

நரி சின்னச் சீட்டைப் போட்டது. பூனை தன் கையைப் பார்த்தது, நரியைப் பார்த்தது.

"என்னிடம் வேறு ஆட்டினே இல்லை, நரியாரே," என்று முனகி, ராஜாவைப் போட்டது.

நரி சீட்டுகளை வீசியெறிந்தது. மேலே கிடந்தது டைமன் ராணி!

"அண்ணே, ராஜா விழும் என்று எப்படித் தெரிந்தது?" என்றது முயல்.

"தெரியாது. விழாவிட்டால் அப்புறம் டைமனை ஆடியிருப்பேன். டைமனில் முதலில் தோற்றிருந்தால் ஆட்டினை எங்கே போய் ஆடுவது?"

நரியை ஒருமுறை நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, முள்ளம்பன்றி குகைக்குள் நுழைந்தது.

நீதி: இரண்டு வழி இருந்தால், தவறினாலும் மற்றதைக் கெடுக்காத வழியை முதலில் முயன்று பார்.