ஏட்டையாவின் லத்தி

ஒரு காலத்தில் ஏட்டு சுடலையாண்டியின் லத்திச் சத்தம் கேட்டால் சங்கரன்கோவில் சந்தையே அடங்கும். இப்போது அவருக்கு எண்பது வயசு. தெருவில் இரண்டு முறை விழுந்தாயிற்று. இன்னொரு தடவை விழுந்தால் சென்னைக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று மகன் சொல்லிவிட்டான். ஏட்டையாவோ, "ஊன்றுகம்பை எவளாவது நீட்டினா, அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திருவேன்" என்று மீசையை முறுக்கினார்.

அவரைப் பார்த்துக்கொள்ள வந்த முப்பிடாதி கம்பை நீட்டவில்லை. பரணில் கிடந்த பழைய லத்தியை எடுத்து எண்ணெய் தடவி, அடியில் ரப்பர் மாட்டிக் கொண்டுவந்தாள்.

"ஏட்டையா, தெருவுல நாய்த் தொல்லை தாங்கல. நீங்க லத்தியோட ஒரு ரவுண்டு போனாத்தான் அடங்கும்."

ஏட்டையா நிமிர்ந்தார். அந்தக் காலத்துச் சந்தைநாள் போலவே லத்தியை ஊன்றி ஊன்றி நடந்தார். பழைய கடைக்காரர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். கால் ஓரிடத்திலும் இடறவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கேட்டார்: "ஏளா, ஒரு நாயையும் காணோமே?"

"எல்லாம் லத்திக்குப் பயந்துதான், ஏட்டையா."

"எத்தனை திருடன் பொய்யைக் கேட்டவன் நான்! லத்திக்கு எந்த ஊர்ல ரப்பர் மாட்டுவாங்க?"

"அடி வாங்குற நாய்க்கு வலிக்கக் கூடாதுல்லா?"

ஏட்டையா மீசை குலுங்கச் சிரித்தார்.

"ரப்பர் தேஞ்சுபோச்சு, புதுசு மாத்துளா. சாயங்காலம் நாய் வந்தாலும் வரும்."