எதிரே உட்கார்ந்த அணில்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. புதருக்கு அடியில் குளிர்ச்சியான பெரிய வளை அதற்கு. என்ன பிரயோஜனம்? வாசலில் அதன் காலடித் தடத்தைத் தவிர வேறு தடமே கிடையாது.

அது யாரையும் குத்தியதில்லை, பிள்ளைகளே. ஆனாலும் அது வருகிறது என்றால் முயல் பாதையை விட்டு இறங்கிவிடும். கரடி, "ஏய், அங்கேயே நில்லு!" என்று கையை நீட்டும். பாவம், அதுவும் அங்கேயே நின்றுவிடும்.

பேச ஆள் இல்லாமல் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும்.

"முள்ளா!"

"என்ன?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் படுத்துவிடும்.

காட்டின் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வேப்ப மரத்தடியில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து படம் போட்ட கதைப் புத்தகம் படிப்பார்கள். எழுத்துக்குக் கீழே ஈர்க்குச்சியை வைத்து, நகர்த்தி நகர்த்தி, எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். முள்ளம்பன்றி அவர்களுக்குப் பின்னால் வேலிப் புதருக்குள் உட்கார்ந்துகொண்டு, தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும். மனிதக் குரல் கேட்கிறதே, அதுவே போதும் என்றுதான் முதலில் போனது. போகப் போக எழுத்தும் பிடிபட்டுவிட்டது.

கோடை விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். மரத்தடியில் ஒரு புத்தகம் மட்டும் கிடந்தது. அட்டையில் பச்சைக் குடை பிடித்த வாத்து. யாராவது தேடி வருவார்கள் என்று முள்ளம்பன்றி காத்திருந்தது. யாரும் வரவில்லை. "உன்னையும் விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று சொல்லி, அதை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, விழுந்த முள் ஒன்றை எழுத்துக்குக் கீழே வைத்து, சத்தமாகப் படித்தது.

"வாத்து வந்தது. மழை வந்தது. வாத்து குடையை விரித்தது."

முயல் தூரத்தில் நின்று காதை நிமிர்த்தியது.

"முள்ளண்ணே, யாரோட பேசுறீங்க?"

"வாத்தோட."

"வாத்தா? எங்க?"

முள்ளம்பன்றி புத்தகத்தைத் தூக்கிக் காட்டியது.

"ஐயோ, குடை பிடிச்சிருக்கு! அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?"

முள்ளம்பன்றி அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டியது. அதனிடம் 'அப்புறம்?' என்று பிறந்ததிலிருந்து யாரும் கேட்டதில்லை.

மறுநாள் முயலோடு கரடி வந்தது. அதற்கு மறுநாள் அணிலும் மானும் மயிலும் வந்தன. பக்கத்தில் உட்கார மட்டும் யாருக்கும் தைரியம் இல்லை. முள் இருக்கிறதே! எல்லாம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தன. அணில்தான் பரபரப்பான ஆள். புத்தகத்தின் விளிம்பிலேயே மூக்கை வைத்துக்கொண்டு உட்காரும்.

"வாத்து கோழிக்குக் குடை கொடுத்தது. தவளைக்கும் கொடுத்தது. தவளை சிரித்தது. எனக்கு எதற்குக் குடை?"

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். தினமும் அதே கதைதான், தினமும் அதே இடத்தில்தான் சிரிக்கும். முள்ளம்பன்றிக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால்தான் இரவு தூக்கம் வரும்.

ஒரு நாள் முயல் கேட்டது. "முள்ளண்ணே, எங்களுக்கும் படிக்கச் சொல்லிக் குடுங்களேன்."

முள்ளம்பன்றி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 'இதுகளுக்கே படிக்க வந்துவிட்டால், அப்புறம் என் வாசலுக்கு யார் வருவார்? மறுபடியும் நானும் என் பெயரும்தானா?' பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டது.

"அதெல்லாம் உங்களுக்கு வராது. உடம்புல முள் இருக்கிறவங்களுக்குத்தான் எழுத்து வரும். பாரு, முள்ளை வெச்சுத்தானே படிக்கிறேன்?"

கரடி தன் உடம்பைத் தடவிப் பார்த்தது. வெறும் முடிதான் இருந்தது. "நமக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்," என்று பெருமூச்சு விட்டது. எல்லாம் அதை நம்பிவிட்டன. முள்ளம்பன்றிக்கு நிம்மதி.

ஆனால் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. பனி விழுந்தது. முள்ளம்பன்றிக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது. அன்று சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தது. "வா..." என்றது. அதற்கு மேல் வெறும் காற்றுதான் வந்தது.

எல்லாம் காத்திருந்தன. மானுக்குப் பொறுமை போய்விட்டது. அப்போது எதிரே இருந்த அணில் தன் பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தது.

"வாத்து வந்தது. மழை வந்தது."

எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"ஏய், உனக்குத்தான் முள் இல்லையே!" என்றது முயல்.

அணில் தன் முதுகைத் திரும்பிப் பார்த்தது. "ஆமா, இல்லைதான். ஆனா வருதே!"

முள்ளம்பன்றி பதறிப்போய்க் கிசுகிசுத்தது. "அது மனப்பாடம்! தினமும் கேட்டுக் கேட்டு ஒப்பிக்குது. படிக்கலை!"

"அதையும் பார்த்துடுவோம்," என்றது கரடி. காட்டுக்கு வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போன காகித உறை ஒன்று அதன் கையில் இருந்தது. "இதுல என்ன எழுதியிருக்கு? சொல்லு பார்ப்போம்."

அணில் உறையை வாங்கியது. விழித்தது. பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தது.

"ஐயே, தலைகீழாப் பிடிச்சிருக்கு!" என்று மயில் சிரித்தது.

"எனக்கு இப்படித்தான் வரும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்துதானே பார்த்துக்கிட்டு இருந்தேன்?" என்றது அணில். எழுத்துக் கூட்டி வாசித்தது. "உ... உப்பு... உப்புக் கடலை."

கரடி உறையை வாங்கி உள்ளே நக்கியது. "உப்புதான்! சத்தியமா உப்புதான்!"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் முள்ளம்பன்றியைப் பார்த்தன.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டது முயல்.

முள்ளம்பன்றி தலையைக் குனிந்துகொண்டது. "உங்களுக்குப் படிக்க வந்துட்டா, என்கிட்ட வரமாட்டீங்களேன்னு..."

"நாங்க கதைக்கு மட்டுமா வந்தோம்?" என்றது முயல். சொல்லிவிட்டுப் போய்விட்டது. கரடி போனது. மானும் மயிலும் போயின. அணில்கூடப் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் முள்ளம்பன்றி புத்தகத்தை விரித்தது. தொண்டை சரியாகியிருந்தது. "எனக்கு எதற்குக் குடை?" என்று தவளையின் பேச்சைப் படித்துவிட்டு, பழக்கத்தில் நிறுத்தியது. கரடி சிரிக்கும் இடம் அது. சிரிப்பு வரவில்லை. எதிரே புல் மட்டும் படிந்து கிடந்தது. இன்னும் சில நாளில் அந்தப் புல்லும் நிமிர்ந்துவிட்டது.

"முள்ளா!" என்று கூப்பிட்டுப் பார்த்தது. பதில் சொல்லவும் அதற்கு மனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் புல்லில் சலசலப்பு கேட்டது. அணில்! கையில் அதே கடலை உறை.

"முள்ளண்ணே, உங்க மேல எனக்குக் கோபம்தான். ஆனா நேரா இருக்கிற எழுத்து எனக்கு ஒண்ணுகூட வரமாட்டேங்குது. எல்லாத்தையும் தலைகீழாப் பிடிச்சா மயில் கேலி பண்ணுது."

"நேராக் கத்துக்கணும்னா எதிர்ல உட்காரக் கூடாது," என்றது முள்ளம்பன்றி மெதுவாக. "பக்கத்துல உட்காரணும்."

சொன்ன பிறகுதான் அதற்கே புரிந்தது. சொல்லிக் கொடுத்திருந்தால், எல்லாம் என்றைக்கோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"முள் குத்துமே?" என்றது அணில்.

"நான் பயப்படாம இருந்தா முள் படிஞ்சிடும்."

"அப்போ பயப்படாதீங்க."

முள்ளம்பன்றி மூச்சை மெல்ல விட்டது. முள்ளெல்லாம் ஒவ்வொன்றாக முதுகோடு படிந்தன. அணில் வந்து அதன் விலாவை ஒட்டி உட்கார்ந்தது. கதகதவென்று இருந்தது. முள்ளம்பன்றி விழுந்த முள்ளை எடுத்து அணிலின் கையில் கொடுத்தது. புத்தகத்தைத் திறந்தது. வாய் திறந்தால் சத்தம் வரவில்லை.

"என்ன முள்ளண்ணே, மறுபடியும் தொண்டை கட்டிடுச்சா?"

"இல்லை," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது முள்ளம்பன்றி. "நீ படி. நான் கேட்கிறேன்."

தூரத்தில் முயல் காதை நிமிர்த்தியது.

நீதி: தெரிந்ததை ஒளித்து வைத்தால் எதிரே கூட்டம் இருக்கலாம், பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், சொல்லிக் கொடு, துணை தானே வந்து உட்காரும்.