ஆய்வாளர் தலையும் இரும்புக் கூண்டும்

கோவைப் பக்கம் நடந்த கார் பந்தயத்தில், எந்த வண்டி ஓடலாம், எது திரும்பிப் போகலாம் என்பதெல்லாம் ஆய்வாளர் கேசவமூர்த்தியின் கையில் இருந்தது. ஆள் ஆறடி இரண்டங்குலம். அதிகாரம் அதற்கும் மேலே.

கார் ஓட்ட வந்திருந்த வினோதினி குள்ளமான பெண். வருஷத்தில் அவளுக்கு இது ஒன்றுதான் பந்தயம். கார் உருண்டாலும் அவளைக் காப்பாற்றும் இரும்புக் கூண்டை உள்ளே கட்டித் தந்தவள் வெல்டர் மயிலாத்தாள். ஆய்வாளர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தாமே அதற்குள் உட்கார்ந்தார். ‘டங்’கென்று தலை கம்பியில் இடித்தது.

“தலைக்கு மேல மூணு அங்குலம் இடைவெளி வேணும். பத்து நிமிஷத்துல கம்பிய ஒசத்து! ஆனா இது கம்பெனியில வந்தபடியே ஓடுற கார்களோட வகுப்பு. கூரையில கை வெச்சா வண்டி வீட்டுக்கு!”

கம்பியோ ஏற்கெனவே கூரையை ஒட்டியிருந்தது. வினோதினிக்கு அழுகை முட்டியது.

“சரிங்கய்யா,” என்றாள் மயிலாத்தாள். “பெல்ட்டைக் கட்டித்தானுங்களே அளக்கோணும்?”

“விதி அதுதான். கட்டு!”

அவள் பெல்ட்டுகளை இறுக்கிக் கட்டிவிட்டுக் பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் கொடிக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “ஓட்டறவரு தயாருங்கோ! வண்டியக் கோட்டுக்குத் தள்ளுங்கோ!”

நாலு பேர் ஓடிவந்து தள்ளினார்கள். கார் நகர்ந்தது.

“ஐயோ, நிறுத்துங்கப்பா! நான் எங்க ஓட்டறேன்? ஓட்டறது அந்தப் பொண்ணு!”

“அப்ப அளக்க வேண்டியது யாரு தலைக்குங்கய்யா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆய்வாளர் இறங்கினார், வினோதினி ஏறி உட்கார்ந்தாள். டேப்பைப் பிடித்த ஆய்வாளர், எல்லார் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டியதாயிற்று:

“நாலரை அங்குலம்.”