காசியில் விட்ட பாகற்காய்

ஆவுடையப்பன் தம் கரண்டியைத் துண்டால் துடைத்து மடத்துத் தம்பிரானின் முன்னால் வைத்தார்.

"ஊருக்குப் போறேன் சாமி. உத்தரவு கொடுங்க."

தம்பிரான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஆள் மாறித்தான் கும்பிடுவார்கள்.

ஆவுடையப்பன் ஒரு காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் பேர்பெற்ற கல்யாணச் சமையல்காரர். கோபித்துக்கொண்டு போன சம்பந்தி அவருடைய அவியல் வாசனைக்குத் திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். மனைவி காலமான பிறகு அந்தத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. தாமிரபரணிக் கரையில் இருக்கும் இந்தச் சின்ன மடத்துக்கு வந்து, தீட்சை வாங்கிக்கொண்டு, மூன்று வருஷமாக இங்கேதான் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார்.

மடத்தில் பதினோரு பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். எல்லாரும் செங்கல் சூளைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்.

"என்ன நடந்துச்சு?" என்று தம்பிரான் கேட்டார்.

"பத்தாயிரம் இலைக்குச் சமைச்ச கை சாமி இது. ஒரே ஒரு பிள்ளைய ஒரு துண்டு காய் திங்க வைக்க முடியல. இந்தக் கை எதுக்கு?"

அந்த ஒரு பிள்ளை முப்பிடாதி. ஏழு வயது. போன வாரம் காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தவள் தலை சுற்றி விழுந்துவிட்டாள். தூக்கியவர் ஆவுடையப்பன்தான். தூக்கியபோது பிள்ளையிடம் கனமே இல்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் போதவில்லை, மாத்திரையோடு காயும் கீரையும் உள்ளே போகணும், அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"துருவி தோசையில போட்டேன். தோசையப் பிச்சுக் காய ஒண்ணொண்ணா எடுத்து வெளியே வச்சிட்டா. வெல்லம் போட்டேன். வெல்லத்த நக்கிட்டுக் காய இலை ஓரத்துல வச்சிட்டா. அரைச்சுக் குழம்புல கலந்தேன். மோந்து பாத்துட்டு எனக்கு மோர் போதும்னுட்டா. அவளப் பாத்து மத்ததுகளும் இப்ப ஒதுக்க ஆரம்பிச்சிருச்சு."

"நீங்க எங்க உக்காந்து சாப்பிடுதீங்க?"

ஆவுடையப்பனுக்கு இந்தக் கேள்வி எதற்கென்று விளங்கவில்லை.

"அடுப்படியிலதான். எல்லாரும் எந்திரிச்ச பிறகு, கொஞ்சம் மோர்ச்சோறு."

"இன்னைக்குப் பந்தியில உக்காருங்க. நான் பரிமாறுதேன்."

"சாமி பரிமாறி நான் சாப்பிடதா?"

"ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டீங்கள்லா? அப்ப விருந்தாளிதான்."

மத்தியானப் பூசை முடிந்து இலை போட்டார்கள். தம்பிரான் ஆவுடையப்பனை முப்பிடாதிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். சோறு வந்தது, சாம்பார் வந்தது. பிறகு பாகற்காய்ப் பொரியல் வந்தது. மடத்து வேலி முழுக்கப் பாகல் கொடிதான், அதனால் வாரத்தில் நாலு நாள் பாகற்காய்க்குத்தான் முறை.

ஆவுடையப்பன் சட்டென்று கையை இலைமேல் மறித்தார்.

"எனக்கு வேண்டாம் சாமி. நான் இதக் காசியில விட்டவன்."

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காயோ பழமோ ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டு வருவது வழக்கம். அதன் பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடுவதில்லை. ஆவுடையப்பன் பதினெட்டு வருஷத்துக்கு முன் மனைவியோடு காசிக்குப் போய் வந்தவர். அந்தக் கதையைப் பிள்ளைகளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார், கொஞ்சம் பெருமையாகவே.

தம்பிரான் தலையசைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். முப்பிடாதியும் அதே மாதிரி கையை மறித்தாள்.

"எனக்கும் வேண்டாம் சாமி. நானும் விட்டுட்டேன்."

"எங்க விட்டே?"

"நம்ம படித்துறையில. மூணு முங்கு போட்டு விட்டுட்டேன்."

"எதெல்லாம்?"

"பாகற்காய், புடலங்காய், சுரைக்காய், கத்திரிக்காய், கீரை."

"கீரையில எந்தக் கீரை?"

"எல்லாக் கீரையும்."

பந்தியில் இன்னும் நாலு கைகள் இலைகளை மறித்திருந்தன. அவர்களும் முங்கியவர்கள்தான்.

தம்பிரான் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"முப்பிடாதி, பிடிச்சதத்தான் விடணும். உனக்கு இதுல எது பிடிக்கும்?"

"ஒண்ணும் பிடிக்காது."

"பெறகு?"

அவள் ஆவுடையப்பனைக் கைகாட்டினாள்.

"தாத்தா மட்டும் பிடிச்சதையா விட்டாரு? பாகற்காய் அரியும்போதே மூஞ்சியத் திருப்பிக்கிடுதாரே. நான் பாத்திருக்கேன்லா."

ஆவுடையப்பன் குனிந்து இலையைப் பார்த்தார். கங்கைக் கரையில் அன்று மனைவி சிவகாமி மாம்பழத்தை விட்டாள். மாம்பழம் என்றால் கொட்டையையும் காயப்போட்டு வைத்துக்கொள்கிறவள் அவள். அவர் பாகற்காயை விட்டார். சின்ன வயசிலிருந்தே அவருக்கு அது ஆகாது. சிவகாமி திரும்பி அவரைப் பார்த்தாள். சாகும்வரை ஒரு துண்டு மாம்பழம் அவள் வாயில் படவில்லை. அதை நினைத்ததும் அவருக்குக் காது மடல் சுட்டது.

தம்பிரான் மெல்லக் கேட்டார்.

"பிடிக்காதத விடுததுக்கு அவ்வளவு தூரம் எதுக்கு ரயிலேறுனீங்க? இவ படித்துறையிலயே முடிச்சிட்டாளே."

ஆவுடையப்பன் இலைமேலிருந்து கையை எடுத்தார்.

"போடுங்க சாமி."

போட்டார். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மடத்தில் பூசைக்கு முன்னால் சமையலை ருசி பார்க்கக் கூடாது. பூசைக்குப் பின்னால் அவருடைய காசி விரதம் குறுக்கே நின்றது. மூன்று வருஷமாக வாசனையையே நம்பிச் செய்த பொரியல் முதல் தடவையாக அவர் நாக்கில் பட்டது. கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கியது. உப்பு பாதிதான் இருந்தது. நடுவில் வேகாத விதை ஒன்று பல்லில் கடிபட்டது.

முப்பிடாதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கா தாத்தா?"

ஆவுடையப்பன் மென்று விழுங்கினார்.

"நல்லா இல்ல தாயி. கண்றாவியா இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். காயைப் பற்றி ஒரு பெரிய மனுஷர் அவளிடம் உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இதையா இத்தன நாளும் நல்லா இருக்கும், தின்னுன்னு சொன்னீங்க?"

"தெரியாம சொல்லிட்டேன். எப்படி இருந்தா நீ திம்பே?"

அவள் யோசித்தாள்.

"மொறுமொறுன்னு இருக்கணும். விதை இருக்கக் கூடாது. தாத்தாவும் திங்கணும்."

ஊருக்குப் போகும் பேச்சை அதன் பிறகு ஆவுடையப்பன் எடுக்கவில்லை. கரண்டியைத் தாமே எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் விதையை வழித்தெடுத்து, காயைச் சன்னமாக அரிந்து, உப்பு மோரில் ஊறவைத்துப் பிழிந்து, கடலை மாவும் அரிசி மாவும் பிசிறிப் பொரித்தார். பூசை முடிந்ததும் முப்பிடாதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் ஒன்று தின்றார். அவள் அவர் முகத்தைப் படித்துவிட்டு ஒன்று தின்றாள்.

"கசக்கு," என்றாள்.

"ஆமா, கசக்கு. நேத்து மாதிரி இல்ல."

"நேத்து மாதிரி இல்ல," என்று அவளும் ஒப்புக்கொண்டாள். இன்னொன்று எடுத்தாள்.

மெதுவாகப் புடலங்காய் பந்திக்குத் திரும்பியது. பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் போட்டதும் சுரைக்காய்க்கு மன்னிப்புக் கிடைத்தது. கீரையை அடைக்குள் வைத்தபோது அவர் ஒளித்து வைக்கவில்லை, "உள்ள முருங்கைக்கீரை இருக்கு" என்று சொல்லிவிட்டே போட்டார். சில நாள் நன்றாக வரும், சில நாள் வராது. வராத நாளில் இரண்டு பேரும் சேர்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்று முடிப்பார்கள். கத்திரிக்காயிடம் மட்டும் முப்பிடாதி கடைசிவரை சமாதானம் ஆகவில்லை.

அடுத்த மாதம் நர்ஸ் வந்து இமையை இழுத்துப் பார்த்தார். பரவாயில்லை, தேறி வருகிறது, ஆஸ்பத்திரி வேண்டாம், இப்படியே விடாமல் கொடுங்கள் என்றார். ஆவுடையப்பன் அடுப்படிக்குள் போய்க் கொதிக்கும் பானையைத் திறந்து, ஆவியின் மறைவில் சற்று நேரம் அழுதார். எத்தனையோ பெரிய மனுஷர்கள் சாப்பிட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை தின்று முடித்த இலையைப் பார்த்து அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது அன்றைக்குத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிரானிடம் போய் விழுந்து கும்பிட்டார்.

"உங்க புண்ணியம் சாமி. ஆனா ஒண்ணு மனச அரிக்குது. கங்கையில நின்னு சொன்ன சொல்ல மீறிட்டேன். அதுக்கு என்ன பரிகாரம்?"

"பாகற்காய் இப்ப பிடிக்குதா?"

"பிடிக்குது சாமி. அந்தப் பிள்ள பக்கத்துல உக்காந்து திங்கது ரொம்பப் பிடிக்குது."

"இப்ப விடச் சொன்னா விடுவீங்களா?"

ஆவுடையப்பன் திரும்பிப் பந்தியைப் பார்த்தார். முப்பிடாதி தன் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் அதன்மேல் ஒரு கையை வைத்திருந்தாள். முடியாது என்று தலையை ஆட்டினார்.

தம்பிரான் புத்தகத்தை மறுபடி திறந்தார்.

"விட மனசு வராதது ஒண்ணு கிடைச்சிருக்கு, இப்பத்தான் நீங்க காசிக்குப் போற ஆளு. அதுக்கு அவசரம் ஒண்ணுமில்ல. முதல்ல போய் உக்காருங்க, அவ இலையப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்கா."