ஒரு டம்ளர் பிளீச்சிங் தண்ணி

சந்தைக் கழிவையும் கக்கூஸ் தண்ணியையும் தின்றுவிட்டு, அடுப்பெரிக்க வாயு தரும் தொட்டி ஒன்று அந்த ஊரில் இருந்தது. அதற்குத் தீனி போட்டவள் துப்புரவுத் தொழிலாளி பூரணம். தினமும் சுவரில் காதை வைத்து, உள்ளே குமிழி கொப்பளிப்பதைக் கேட்ட பிறகுதான் வாளியைத் தூக்குவாள்.

கலெக்டர் பார்க்க வருகிறார் என்றதும் சேர்மன் அருணகிரிக்கு நாற்றம் பொறுக்கவில்லை. நாலு மூட்டை பிளீச்சிங் பவுடரைத் தொட்டிக்குள் கொட்டச் சொன்னார்.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்குய்யா, அதுங்கதான் கேஸ் குடுக்குது, செத்துரும்!" என்று பூரணம் கெஞ்சியது எடுபடவில்லை.

மறுநாள் கலெக்டர் முன்னால் அடுப்பு பற்றவில்லை.

"இவ ஒழுங்கா பாக்கல சார்! ஏய், இப்பவே பத்த வை, இல்ல வேலைய விட்டுப் போ!" என்றார் சேர்மன்.

பூரணம் ஒரு டம்ளர் நல்ல தண்ணியில் பிளீச்சிங் பவுடரைக் கலக்கி அவரிடம் நீட்டினாள். "தொட்டிக்கு நல்லதுன்னு நாலு மூட்டை குடுத்தீங்களேய்யா. நீங்க ஒரு மடக்கு குடிங்க, நான் பத்த வைக்கிறேன்."

"குடிச்சா செத்துர மாட்டேனா?"

"அதுங்களும் அப்படித்தான்யா செத்துச்சு."

கலெக்டர் சேர்மனை முறைத்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பூரணம் போய்த் தொட்டிச் சுவரில் காதை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"இந்த டம்ளர நான் நேத்தே நீட்டியிருக்கலாமே" என்றாள், தொட்டியிடம்.