எத்தனை மாத்திரை

“அம்மா, என் செருப்பு சின்னதாப் போச்சு” என்றார் திருமலைக்கொழுந்து.

உலகம்மை செருப்பைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

கணுக்கால் எலும்பு இருந்த இடம் தெரியவில்லை.

கொழுந்துவுக்கு அறுபத்திரண்டு வயது. நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய குருவான உலகம்மைக்கு நாற்பத்து நான்கு. அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அவர்கள் தியானத்துக்குக் கூடும் மலையடிவாரத்து ஓட்டுக் கட்டடத்தில் அந்த முறை யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

செருப்பு ஒரு சாக்குத்தான். தவம் முற்றினால் உடம்பு கனக்கும் என்று எங்கோ படித்திருந்தார். ஒரு மாதமாக முகமும் பூரித்திருந்தது. விடியற்காலையில் கண்ணுக்குக் கீழே இன்னும் அதிகம். உடன் தவமிருந்தவர்கள் அதைத் தேஜஸ் என்றார்கள். அவரும் மறுக்கவில்லை. இனி குருவும் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும்.

“சிறுநீர் நுரைக்குதா?” என்று கேட்டார் உலகம்மை.

தேஜஸைப் பற்றிய பேச்சு இப்படித் தொடங்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் நுரைப்பதாகச் சொன்னார்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே.”

*

கொழுந்து அங்கே பெயர் பெற்றவர்.

உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். இரண்டு மணி நேரம் முதுகு வளையாது, முட்டி விலகாது. ஆட்டோ ஓட்டும் சுடலைமுத்துவுக்கு நாற்பது வயதாகியும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. அண்ணாச்சியை இப்படியே தூக்கிக் கோயிலில் வைத்தால் எண்ணெய் ஊற்றிச் சந்தனம் சாத்திவிடுவார்கள் என்பான்.

குருவே அசைவார். அதுதான் கொழுந்துவை உறுத்தும். நடுவில் காலை நீட்டுவார். ‘அம்மாடி’ என்று முனகுவார். சில நாள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து உட்காருவார். இவரிடமா வந்து சேர்ந்தோம் என்று கொழுந்து கண்ணை மூடியபடியே நினைத்துக்கொள்வார்.

கொழுந்துவுக்கு முதுகில் வட்டு விலகிப் பதினோரு வருடம்.

உட்காருவதற்கு அரைமணி முன்னால் வலி மாத்திரை இரண்டு. அட்டை எப்போதும் வேட்டி மடிப்பில் இருக்கும். வாங்குவது அடுத்த ஊர்க் கடையில்.

இங்கே ஒரு சொல்லை நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. மாத்திரை என்பது கண் ஒருமுறை இமைக்கும் நேரம். இலக்கணக்காரர்கள் அதைக்கொண்டு எழுத்தை அளந்தார்கள். யோகிகள் மூச்சை அளந்தார்கள். வைத்தியர்கள் அதே பெயரில் ஒன்றை உருட்டி நிழலில் காயவைத்தார்கள்.

உலகம்மையிடம் மூச்சுக் கணக்கு மாத்திரையில்தான். பதினாறு இழுத்து, அறுபத்துநான்கு அடக்கி, முப்பத்திரண்டு விட வேண்டும். தியானம் முடிந்ததும், எவ்வளவு நேரம் அடக்கினார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பார்: “எத்தனை மாத்திரை?”

சுடலைமுத்து இருபது என்பான். மனசாட்சி குத்தினால் பதினெட்டு என்பான்.

கொழுந்து அறுபத்துநான்கு என்பார். அது பொய்யும் அல்ல.

*

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது என்றார்.

“வலி மாத்திரை ஏதும் போடுறீங்களா, ரொம்ப நாளா?”

பின்னால் சுடலைமுத்து மஞ்சள் பையோடு நின்றிருந்தான்.

“இல்லை.”

“யோசிச்சுச் சொல்லுங்க. எத்தனை மாத்திரைன்னு குத்துமதிப்பாச் சொன்னாக்கூடப் போதும்.”

“இல்லைங்க. நான் தியானம் பண்றவன்.”

அண்ணாச்சி தலைவலித் தைலம்கூடத் தடவமாட்டார் என்று சுடலைமுத்து சாட்சி சொன்னான்.

டாக்டர் பஸ்பம், செந்தூரம், பூச்சிமருந்து என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகு பலமுறை சொல்லிப் பழகிய நிதானத்தோடு விளக்கினார். எதை விழுங்கினாலும் உடம்பு அதை உடைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, சக்கையைச் சிறுநீரகத்துக்குத் தள்ளும். அதில் விஷமானதும் இருக்கும். சில மருந்துகள் அங்கே போகிற ரத்தத்தையே குறைத்துவிடும். சல்லடை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்.

“கெடும்போது வலிக்காது. அதுதான் சிக்கல்” என்றார். “காரணம் தெரிஞ்சா அதை நிறுத்தி, மிச்சத்தைக் காப்பாத்தலாம். தெரியலைன்னா ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்கணும். அதுவரைக்கும் மிச்சம் தாங்குமான்னு தெரியாது.”

கொழுந்து மிச்சத்தை நினைத்தார். பிறகு, தன் முதுகுக்குப் பின்னால் மஞ்சள் பையைப் பிடித்திருந்த கையை நினைத்தார்.

வேட்டி மடிப்பை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

*

மறுநாள் காலை முதுகு வழக்கத்தைவிட அதிகமாக வலித்தது. மூன்று போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்லாக உட்கார்ந்தார்.

தியானம் முடிந்தது. உலகம்மை எழுந்து வந்து, ‘அம்மாடி’ என்று முனகியபடி அவர் எதிரில் மண்டியிட்டார். வேட்டியைச் சற்று விலக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார்.

குழி விழுந்திருந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குழி அப்படியே இருந்தது. குருவின் கண்கள் இமைத்தன, உதடுகள் எண்ணின. குழி அவசரப்படாமல் மேலே வந்தது.

“எத்தனை மாத்திரை, அண்ணாச்சி?”

டாக்டர் கேட்டது கொழுந்துவின் காதில் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை.

“தினம் ரெண்டு” என்றார். “இன்னைக்கு மூணு.”

சுடலைமுத்துதான் முதலில் சிரித்தான். குழி நிரம்ப நாற்பதுக்கு மேல் ஆயிற்றே, அண்ணாச்சிக்குக் கணக்கு மறந்துவிட்டதா என்றான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன்தான் ஆஸ்பத்திரியில் சாட்சி சொன்னவன்.

“நான் குழியைக் கேட்டேன்” என்றார் உலகம்மை.

குழியைத்தான் கேட்டாரா என்று இன்றுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கொழுந்துவுக்குக் காது மடல் சுட்டது. கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். ஏழு கண் கிழிந்திருந்தது, மூன்று மிச்சம். யாரும் அதைத் தொடவில்லை. யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

“பதினோரு வருஷம்” என்றார் கடைசியில். “அப்போ, அசையாம உட்கார்ந்தது நான் இல்லையாம்மா?”

உலகம்மை அவர் பின்னால் கை நீட்டி, விலா எலும்பு முடியும், சிறுநீரகம் இருக்கும் இடத்தில், முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒரு உள்ளங்கையும் அந்தப் பக்கம் ஒரு உள்ளங்கையும் வைத்தார். தூங்குகிற பிள்ளையைத் தொடுவது போல.

“அசையாம உட்கார்ந்தவங்க ரெண்டு பேர்” என்றார். “அவங்களுக்கு ‘அம்மாடி’ன்னு சொல்லத் தெரியாது.”

கொழுந்து தரையில் கையை ஊன்றி எழுந்தார். முட்டி மளுக்கென்றது. அந்தக் கூடத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

“அம்மாடி.”

சுவரைப் பிடித்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

“சுடலை, வண்டியை எடு. டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்.”

“மறந்துட்டீங்களா?” என்றார் குரு.

கொழுந்து வாயைத் திறக்க நேரமாயிற்று. யாரும் எண்ணவில்லை.

“மறக்கல” என்றார். “மறைச்சேன்.”