நூறு இடங்கள்

அறிவியல் தத்துவத்தின் அறிமுக வகுப்பில் அருளானந்தம் கடைசி பெஞ்சில் உட்காருவார். வயது அறுபத்தொன்று. மற்ற பதினோரு பேருக்கும் இருபதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் முப்பது வருடம் சளி பரிசோதித்து ஓய்வு பெற்றவர் அவர்.

பாடம் எடுக்கும் சுடர்விழிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

முதல் வாரமே அவர் எழுந்து கேட்டார்.

"எத்தனை தடவை பார்த்தா ஒன்ன 'இல்லை'ன்னு சொல்லலாம் மேடம்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சுடர்விழி சிரிக்கவில்லை.

"எதை, சார்?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் அவளுடைய அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அவருடைய தம்பி சவரிமுத்து ஒரு வெல்டர். மூன்று வாரம் இருமல் விடவில்லை. அண்ணன் வேலை பார்த்த இடத்துக்கே சளி கொடுக்க வந்தான். அருளானந்தம் அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் நகர்த்தி நகர்த்தி நூறு இடங்கள் பார்த்தார். காசநோய்க் கிருமி கண்ணில் படவில்லை. ஏழு மாதம் கழித்து சவரிமுத்து காசநோயில் செத்துப்போனான்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதினீங்க?"

"'கிருமி காணப்படவில்லை.' அப்படித்தான் எழுதணும்."

"தம்பிகிட்ட?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"'உனக்கு ஒன்னும் இல்லடா, போய் வேலையப் பாரு'ன்னேன். அதுக்கப்புறம் அவன் எந்த டாக்டர்கிட்டயும் போகல."

"ம்."

"அவன் பொண்டாட்டி பிலோமினா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்னே ஒன்னுதான் கேக்கறா. 'அன்னைக்கு அது இருந்துச்சா, இல்லையா அத்தான்?' எனக்குப் பதில் தெரியல. அதான் இங்க வந்து சேர்ந்தேன்."

"அந்தத் தகட்ட வச்சிருக்கீங்களா?"

இருந்தது. ஓய்வு பெற்ற அன்று எடுத்து வந்திருந்தார்.

மறுநாள் மதியம் விலங்கியல் துறையில் ஒரு மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கினாள் சுடர்விழி. எதைத் தேட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார்.

"நீலத்துக்கு நடுவுல சிவப்பா, மெல்லிசா, குச்சி மாதிரி. ஆனா இப்போ சாயம் வெளுத்திருக்கும் மேடம். இருந்திருந்தாலும் தெரியறது கஷ்டம்."

அவள் குனிந்து பார்க்கத் தொடங்கினாள். ஒவ்வோர் இடத்துக்கும் தாளில் ஒரு கோடு போட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நூறு தாண்டியது. கண்ணில் நீர் வடிந்தது, துடைத்துக்கொண்டு பார்த்தாள். இருநூறும் தாண்டியது.

"போதும் மேடம்."

"ஏன் போதும்?"

"நூறு பார்த்தா நிறுத்திடலாம். அதான் விதி."

"நூத்தியோராவது இடத்துல இருக்காதா?"

"இருக்கலாம்."

"அப்புறம் ஏன் நூறு?"

முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

"அடுத்த ஆள் சளியோட வரிசையில நிக்கறானே மேடம்."

சுடர்விழி தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டாவது கோட்டோடு தகடு முடிந்தது. விளக்கை அணைத்தாள்.

அருளானந்தம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏதாவது..."

"என் கண்ணுக்கு ஒன்னும் தெரியல, சார்."

அவர் மூச்சை விட்டார். வந்த நாளிலிருந்து முதல் முறையாக அவர் முகம் லேசானது.

"அப்போ இல்லைன்னு பிலோமினாகிட்ட சொல்லிடட்டுமா?"

சுடர்விழி தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஏற்கெனவே ஒரு தடவை தம்பிகிட்ட அப்படிச் சொல்லிட்டீங்க, சார்."